தலைப்பாவுக்குப் பின்னால் அரை முகம்

முதலில் எனக்கு அநியாயம் செய்தவன் தில்லையம்பலம். அவனுக்குப் பிறகு செய்தவர்கள் கனபேர். ஆமி செய்தது, இயக்கம் செய்தது, முகாமில் பருப்புக்குள் தண்ணீரை ஊற்றினவன் செய்தான், வீட்டுத்திட்டத்தில் என் வாசலுக்கு மட்டும் வளைந்த கதவு தந்தவன் செய்தான். எல்லாரையும் மனதில் வரிசையாக வைத்திருக்கிறேன். ஒருவரும் தப்பவில்லை. ஆனால் வரிசையில் முதலாவதாக நிற்கிறவன் தில்லையம்பலம். அவனை முந்த இன்னும் ஒருவன் பிறக்கவில்லை.

தம்பி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வையுங்கோ. இது கண்ணாடி போட்ட படம். விசுவமடு வரும் மட்டும் இப்பிடி மடியில்தான் வைத்திருக்க வேணும். மேலே தட்டில் வைக்கச் சொல்லிக் கொண்டக்டர் சொன்னான். மேலே ஆரோ வாழைக்குலை வைத்திருக்கிறார்கள். வாழைக்குலைக்குப் பக்கத்தில் என் பெண்சாதியைப் படுக்கப் போடுகிறதோ?

ஓம், பெண்சாதியின் படம்தான். யோகம்மா. தாளைப் பிரித்துக் காட்டமாட்டேன், தூசி அடிக்கும். காட்டினாலும் உங்களுக்கு அரைவாசிதான் தெரியும். மற்ற அரைவாசியைத்தான் தில்லையம்பலம் வைத்திருக்கிறான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

தில்லையம்பலம் எனக்குச் சகலன். யோகம்மாவின் தங்கச்சி தவமணியைக் கட்டினவன். அவர்களுக்கு ஊர் கரவெட்டி. நான் யோகம்மாவைக் கட்டி விசுவமடுவுக்குக் கூட்டிவந்து காடு வெட்டிக் காணியாக்கினேன். அவன் கரவெட்டியிலேயே இருந்து நிழலில் கதிரை போட்டுக் குந்தினான். அதைக் கூட நான் மன்னிப்பேன். அவனுடைய கலியாணத்தில் நடந்ததைத்தான் மன்னிக்கேலாது.

கலியாண வீட்டில் படம் எடுக்கும்போது மூத்த மருமகனை எப்படிக் கூப்பிட வேணும், நீங்களே சொல்லுங்கோ. வீட்டு ஆம்பிளை ஒருவர் வந்து, கையைப் பிடித்து, வாருங்கோ, நீங்கள் நில்லாமல் படமோ என்று கூப்பிட வேணும். அதுதான் முறை. என்னை ஆர் வந்து கூப்பிட்டது தெரியுமோ? மூக்கு ஒழுகிக்கொண்டு ஒரு சின்னப் பெட்டை. வந்து, "பெரியத்தான், படம் எடுக்கினமாம்" என்றது. எடுக்கினமாம்! எங்கேயோ மழை பெய்கிறதாம் என்கிற மாதிரி. நான் எழும்பி வேலி ஓரம் முருங்கைக்குக் கீழே போய் நின்றுவிட்டேன். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. போக முதல் யோகம்மாவுக்கும் சொன்னேன், நீயும் படத்துக்கு நிற்கப்படாது என்று. அவள் தலையை ஆட்டினாள். அவளுடைய தலை ஆட்டத்துக்கு ஓம் என்றும் அர்த்தம் வரும், போங்கோ என்றும் அர்த்தம் வரும். நான் ஓம் என்று எடுத்தேன்.

அன்றைக்கு என் பட்டுச் சால்வையும் பழுதாய்ப் போனது. புதுச் சால்வை. அது வேறு கதை, அதற்கும் அவர்கள்தான் பொறுப்பு. அதன் பிறகு நான் தில்லையம்பலத்தின் படலை மிதிக்கவில்லை. அந்த வீட்டில் தண்ணீர் தொடமாட்டேன் என்று முருங்கையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். முருங்கை பிறகு முறிந்துவிட்டது, சத்தியம் முறியவில்லை.

இப்போது என் மகள் நிரோசாவுக்குக் கலியாணம். நாளை மறுநாள். மாப்பிள்ளை சிவநேசன், மேசன் வேலை. எங்கள் வீட்டுச் சுவர் அவன் கட்டினதுதான். சுவர் கட்ட வந்தவன் மகளோடு கதைக்கவும் தொடங்கிவிட்டான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அத்திவாரம் போட்ட நாளிலிருந்து கூரை போட்ட நாள் மட்டும் ஒரு கூலிக்காரன் இவ்வளவு நேர்த்தியாய் ஏன் பூசுகிறான் என்று நான் யோசித்திருக்க வேணும். யோசிக்கவில்லை. நல்ல பெடியன், தமையன் இல்லை, தகப்பன் இல்லை, ஆரும் இல்லை. ஆர் இருக்கிறார்கள் இஞ்சை?

நிரோசா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நகை கேட்கவில்லை, கூறை கூடச் சாதாரணம் போதும் என்றாள். "அப்பா, அம்மாவின்ரை படத்தைக் கும்பிடாமல் நான் மணவறையிலை ஏற மாட்டன்." அவ்வளவுதான். சிவநேசன் அன்றைக்கே விறாந்தைச் சுவரில் ஆணி அடித்துவிட்டான். ஆணி இருக்கிறது, படம் இல்லை. வெறும் ஆணி சும்மாதானே இருக்கிறது என்று நான் குடையைத் தொங்கவிட்டேன். மகள் குடையை எடுத்துக் கிணற்றடியில் வைத்துவிட்டு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

படத்துக்கு நான் எங்கே போவேன்? இடம்பெயரும்போது ஆளுக்கொரு பை. என் பையில் காணி உறுதிப் பத்திரம். யோகம்மாவின் பையில் அல்பம். படத்தைத் தின்னலாமோ என்று நான் கேட்டேன். உறுதியைத் தின்னலாமோ என்று அவள் கேட்டாள். இரண்டையும் தின்ன முடியவில்லை, அது உண்மைதான். என் பை வந்து சேர்ந்தது. உறுதி இருக்கிறது. அவளும் அவளுடைய பையும் மாத்தளனில், கடைசிச் சண்டையோடு சரி. அதை நான் பஸ்ஸில் சொல்கிறதில்லை.

அவளுடைய அடையாள அட்டையும் அந்தப் பையில்தான். மாமி வீட்டில் எங்கள் கலியாணப் படம் ஒன்று மாட்டியிருந்தது. எண்பத்தேழில் ஆமி அடிக்க வீடு எரியும்போது அதுவும் எரிந்தது. தவமணி கோயிலுக்கு ஓடும்போது அவளுடைய அல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாளாம். அவளுடைய அல்பத்தை மட்டும். கவனியுங்கோ. சுவரில் அக்காவின் படம் தொங்குகிறது, கை நீட்டினால் எட்டும்.

மற்றச் சொந்தக்காரரிடம் இல்லையோ என்று கேட்பீர்கள். நிரோசாவும் கேட்டாள். சின்னம்மானின் மகளின் கலியாணத்தில் அம்மா நின்றிருப்பாவே என்றாள். அந்தக் கலியாணத்துக்கு நாங்கள் போகவில்லை, சின்னம்மான் எனக்குப் பிந்தித்தான் சொன்னவர். சாமத்தியச் சடங்கு ஒன்று நடந்ததே என்றாள். போனோம், பந்தியில் எனக்கு வடை வைக்காமல் போனார்கள், படம் எடுக்க முதல் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். புதுக்குடியிருப்பில் ஒரு புது வீட்டுக் குடிபூரல், தேர்த் திருவிழா, மதவாச்சிப் பயணம், ஒவ்வொன்றாய்க் கேட்டாள். ஒவ்வொன்றிலும் எனக்கு ஒருவர் ஒரு அநியாயம் செய்திருக்கிறார். கடைசியில் அந்தப் பெட்டை பெருமூச்சு விட்டுவிட்டு, "அப்ப அம்மா ஒருத்தற்றை படத்திலையும் இல்லை" என்றாள். பாருங்கோ தம்பி, ஒரு மனிதனுக்கு இவ்வளவு பேர் அநியாயம் செய்தால் அவனுடைய பெண்சாதிக்குப் படம் எப்படி மிஞ்சும்?

தில்லையம்பலத்தின் கலியாணப் படத்தில் அம்மா நிற்கிறா என்று தவமணிதான் மகளுக்குப் போனில் சொன்னாள். நான் சொன்னேன், இருக்காது, நான் நிற்கப்படாது என்று சொன்னேன் என்று. நிற்கிறா என்றாள் மகள். அப்படித்தான் நான் கரவெட்டிக்குப் போக வேண்டி வந்தது.

போகும்போது போத்தலில் தண்ணீர் கொண்டுபோனேன். சத்தியம் சத்தியம்தானே. படலையைத் திறந்தவன் தில்லையம்பலம். ஆளைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோசம் வந்தது, மறைக்கமாட்டேன். அவ்வளவு பெரிய தலைப்பா கட்டின தலையில் இப்போது ஒரு மயிர் இல்லை. தேங்காய் மாதிரி. கடவுள் கண் திறந்துதான் இருக்கிறார். "வாருங்கோ அண்ணை" என்று கையைப் பிடித்தான். அந்தப் பிடியை அன்றைக்குப் பிடித்திருந்தால் எவ்வளவு நல்லது!

தவமணி என்னைக் கண்டதும் அழத் தொடங்கினாள். அவள் எப்போதும் அழுகிறவள். பிறகு பிளேன்ரீ கொண்டுவந்தாள், எனக்கு வயிற்றுக்குச் சரியில்லை என்றேன். எலுமிச்சந் தண்ணீர் கொண்டுவந்தாள், தடிமன், மூக்கடைப்பு என்றேன். இளநீர் வெட்டினான் தில்லையம்பலம். வயிறும் தடிமனும் உள்ளவனுக்கு இளநீர் கூடாது என்றேன். என் போத்தல் தண்ணீர் வரும் வழியில் நெல்லியடியிலேயே முடிந்துபோயிருந்தது. வெயில் என்றால் அப்படி வெயில். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கதையே வரவில்லை. நான் கோபத்தில் கதைக்கவில்லை என்று அவர்கள் நினைத்தார்கள். நினைக்கட்டும்.

அவர்களுடைய முன்னறையில் மகன் சுதனின் படம் பெரிதாய்த் தொங்குகிறது. சைக்கிளில் சந்திக்குப் போனவன், பிறகு வரவில்லை. போர் முடிந்து எல்லா இடமும் தேடிவிட்டார்கள். படம் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருக்கிறது. மாலை இல்லை, விளக்கு இல்லை, பொட்டும் இல்லை. தவமணி விடமாட்டாளாம். மாலை போட்டால் நாங்களே முடித்துவிட்ட மாதிரி என்பாளாம். இதைத் தில்லையம்பலம் எனக்கு மெதுவாய்ச் சொன்னான், அவள் குசினிக்குள் இருக்கும்போது. நான் ஒன்றும் சொல்லவில்லை. எப்போது வாயை மூட வேணும் என்று எனக்கும் தெரியும். ஆரும் நம்புவதில்லை, அவ்வளவுதான்.

பிறகு அல்பத்தைக் கொண்டுவந்தான்.

கறுப்பு வெள்ளைப் படம். நடுவில் இவன், கழுத்தில் மாலை, தலையில் தலைப்பா. மற்றவர்கள் தலைப்பா கட்டுவது தலைக்கு. இவன் கட்டினது ஊருக்கு. வாடகைத் தலைப்பா, தலை சிறிது, தலைப்பா பெரிது, உள்ளே துணி அடைத்து ஏற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் தவமணி. பின் வரிசையில் மாமன், மாமி, ஒரு தூண், அதற்குப் பக்கத்தில் யோகம்மா. அவளுடைய ஒரு கண், அரை மூக்கு, அரை வாய், ஒரு மூக்குத்தி. மற்றப் பக்கம் முழுக்கத் தலைப்பா. கோபுரத்துக்குப் பின்னால் நிலவு போன மாதிரி. அவளுடைய அவ்வளவு பெரிய உயிர், உலகத்தில் மிஞ்சியது இந்த அரை முகம், அதிலும் முன்னால் வந்து நிற்கிறான் இவன்.

"தில்லையம்பலம், உம்முடைய தலைப்பாவைக் கொஞ்சம் சரிச்சுக் கட்டியிருக்கக் கூடாதோ?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். தவமணி குசினி வாசலிலிருந்து தலையை ஆட்டினாள். அவன் வாயை மூடிவிட்டான். படத்தை மட்டும் அல்பத்திலிருந்து மெதுவாய் உரித்து, தாளில் சுற்றித் தந்தான். திருப்பித் தர வேணுமோ என்று கேட்டேன். வைத்திருங்கோ அண்ணை என்றான். அவனுடைய கலியாணப் படம்! ஒன்றுதான் அவனிடம் இருந்தது. இப்படித் தாராளமாய்த் தந்து என்னைக் கடன்காரன் ஆக்கப் பார்க்கிறான், தெரிகிறதோ? அப்படி இலேசில் நான் ஆகமாட்டேன்.

அங்கிருந்து நேரே கிளிநொச்சி. அங்கே விமலா என்று ஒரு பெண் ஸ்ரூடியோ நடத்துகிறாள். நிரோசா விசாரித்துச் சொன்ன இடம். இப்போது எங்கள் பக்கத்து ஸ்ரூடியோக்களில் என்ன வேலை நடக்கிறது தெரியுமோ? இல்லாதவர்களையும் இருக்கிறவர்களையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறார்கள். சுவர் முழுக்க மாதிரிப் படங்கள். ஒரு கிழவர் நீலக் கோட்டும் கழுத்தில் ரையும் போட்டு மகளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். உயிரோடு இருக்கும்போது அந்த மனிதர் சேட்டே போட்டதில்லையாம். மகள் கேட்டாளாம், அப்பாவுக்கு ஒரு கோட்டுப் போட்டுவிடுங்கோ என்று.

விமலா நல்ல வேலைக்காரிதான், ஆனால் மெதுவு. நான் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, பிள்ளை, இரண்டு கையாலும் செய்தால் கெதியாய் முடியுமே என்றேன். அவள் மற்றப் பக்கச் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை. எனக்கு எப்படித் தெரியும்? மேசைக்குக் கீழே அல்லவோ இருந்தது. அவள் கோபிக்கவில்லை. "அவசரமெண்டால் உங்கடை கையைக் கொஞ்சம் இரவல் தாங்கோ ஐயா" என்று சிரித்தாள். நான் அதற்குப் பிறகு அவளை அவசரப்படுத்தவில்லை. பிளேன்ரீ கூட நானே போய் வாங்கிவந்தேன், அவளுடைய கடையில் குடிக்கச் சத்தியம் ஒன்றும் தடையில்லை.

முதலில் தில்லையம்பலத்தை வெட்டு என்றேன். ஒரு சொடுக்கில் வெட்டினாள். கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சி! ஆனால் அவன் போனதும் யோகம்மா பாதியாய்த் தொங்கினாள், சாப்பிட்டு வைத்த தோசை மாதிரி. மறைப்புக்கு ஒரு பூமரம் வைக்கட்டோ என்று கேட்டாள் விமலா. ஏன், அவள் என்ன களவெடுத்துப் போட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிச்சவளோ என்றேன். அப்போது அவள் சொன்னாள், தெரிகிற பக்கத்தைத் திருப்பி மற்றப் பக்கம் ஒட்டலாம், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி, முழு முகம் வந்துவிடும் என்று. செய் பிள்ளை என்றேன்.

வந்தது. முழு முகம். இரண்டு பக்கமும் மூக்குத்தி. கரவெட்டியில் எந்தப் பொம்பிளை இரண்டு மூக்குத்தி போட்டாள்? சரி என்று ஒன்றைக் கழற்றினாள். அப்போதும் எனக்கு அந்த முகம் பிடிபடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் பிடித்தேன். வாய். யோகம்மாவுக்குச் சிரிப்பு வந்தால் ஒரு பக்க வாய்தான் மேலே போகும், மற்றப் பக்கம் மரியாதையாய் இருக்கும். இதில் இரண்டு பக்கமும் மேலே போயிருக்கிறது. இரண்டு பக்கமும் சிரிக்கிற பொம்பிளையை எனக்குத் தெரியாது. என்னோடு இருந்த காலமெல்லாம் அவள் அப்படிச் சிரித்து நான் காணவில்லை.

மறைந்த பக்கத்தில் ஒரு மச்சம் இருக்க வேணும் என்றும் சொன்னேன். எவ்விடம் என்று கேட்டாள். கண்ணுக்குக் கீழே என்றேன். வைத்தாள். அங்கேயில்லை, கொஞ்சம் கீழே. வைத்தாள். காதுப் பக்கம் தள்ளு. தள்ளினாள். இல்லை, முந்தி வைத்த இடம்தான் கிட்ட. அந்தப் புள்ளி அவளுடைய கன்னத்தில் எறும்பு மாதிரி ஓடித் திரிந்தது. நிரோசாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அம்மாவுக்கு மச்சம் நாடியில் என்றாள். உனக்கென்ன தெரியும் என்று ஏசினேன். அம்மாவின் முகம் எனக்குத் தெரியாதோ என்று அவளும் ஏசினாள்.  பிறகு அவள், மச்சம் இல்லாட்டிப் பரவாயில்லை அப்பா என்றாள். எனக்கு மச்சம் எவ்விடம் என்று நன்றாய்த் தெரியும், தம்பி. விளக்கில்லாமல் தொட்டுக் காட்டுவேன். அந்தக் கொம்பியூட்டரில்தான் பிடிபடவில்லை. அதில் முகமெல்லாம் சப்பட்டை.

விமலா மச்சத்தை எடுத்துவிட்டு, பழைய படத்தைப் பெரிதாக்கித் திரையில் போட்டாள். கனநேரம் பார்த்தாள். பிறகு, "ஐயா, இவ கமராவைப் பாக்கேல்லை. ஆரையோ பாத்துச் சிரிக்கிறா. அங்கை ஆர் நிண்டது?" என்று கேட்டாள்.

நானும் பார்த்தேன். உண்மைதான். மற்ற எல்லாரும் கமராவைப் பார்த்து விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இவளுடைய ஒற்றைக் கண் மட்டும் வெளியே எங்கேயோ போகிறது. அடக்க மாட்டாத சிரிப்பு. எனக்குத் தலைக்கு ஏறியது. முன்னால் நிற்கிறவன் தில்லையம்பலம். இவன் என்ன சொல்லிச் சிரிப்புக் காட்டினான், கலியாண மாப்பிள்ளைக்கு மச்சாளோடு என்ன பகிடி? அங்கேயே அவனுக்குப் போன் எடுத்தேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் போனைச் சத்தமாய் வைத்துத்தான் கதைப்பேன். விமலாவும் கேட்டாள், வாசலில் பாஸ்போட் படத்துக்கு நின்ற இரண்டு பேரும் கேட்டார்கள்.

"தில்லையம்பலம், அண்டைக்குப் படம் எடுக்கேக்கை நீர் என்ரை மனிசிக்கு என்ன சொன்னனீர்?"

போனோடு முற்றத்துக்குப் போனான் போல, படலைச் சத்தம் கேட்டது. பிறகு, "தவமணி சொல்லாதையெண்டவள். இப்ப நீங்களே கேக்கிறியள்" என்று தொடங்கினான். தொடங்கினவன் நிறுத்தவில்லை.

அவன் சொன்னது இதுதான். படம் எடுக்கத் தயாராகும்போது யோகம்மா ஓடிவந்து பின்னால் நின்றாளாம். நின்று இவனுடைய காதுக்குள், "தம்பி, தலைப்பாவை இந்தப் பக்கம் கொஞ்சம் சரியுங்கோ. அவர் திரும்பினால் என்னைக் கண்டிடுவார்" என்றாளாம். தங்கச்சியின் படத்தில் நிற்காமல் எப்படி என்று கண் கலங்கியும் இருந்ததாம். அதனால் இவன் தலைப்பாவைச் சரித்தானாம். அதுமட்டுமில்லை. கமராக்காரன் எண்ணத் தொடங்கும்போது பின்னால் அவள் குலுங்கினாளாம். என்ன அக்கா என்று இவன் வாயசைக்காமல் கேட்க, "அங்கை பாருங்கோ" என்றாளாம். முருங்கைக்குக் கீழே நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். பின்னால் ஒரு ஆடு என் பட்டுச் சால்வையின் நுனியை வாயில் வைத்து மெல்ல மெல்ல இழுத்துத் தின்கிறது. நான் திரும்பவில்லையாம். சால்வை இறுகி இறுகிக் கழுத்து ஒரு பக்கம் சாய்கிறதாம், அப்போதும் திரும்பவில்லையாம். திரும்பினால் படம் எடுக்கிறதைப் பார்த்த மாதிரி ஆகிவிடுமே என்று விறைத்து நின்றேனாம்.

"அதைப் பாத்துத்தான் அக்கா சிரிச்சவ. அவ பாக்கிறது உங்களைத்தான் அண்ணை. படம் வந்த பிறகும் சொன்னவ, இதிலை எங்கடை அவரும் நிக்கிறார், உங்களுக்குத்தான் தெரியேல்லை எண்டு."

விமலா வாயைப் பொத்திக்கொண்டாள். பாஸ்போட் படத்துக்கு நின்ற ஒருவன் வெளியே போய் நின்று சிரித்தான்.

கேட்டீங்களோ கதையை? எவ்வளவு சோடிப்பு! தலைப்பாவைச் சரித்துவிட்டு, அதை அவள் கேட்டதாய்ச் சொல்கிறான். செத்தவள் வந்து இல்லை என்று சொல்லமாட்டாள் என்ற துணிவு. சால்வை கிழிந்தது உண்மை. ஈரமாயும் இருந்தது, அதுவும் உண்மை. ஆனால் ஆடு என்று ஆர் கண்டது? எனக்குப் பின்னால் நடந்ததற்கு நான் எப்படிச் சாட்சி? ஏதோ இழுத்த மாதிரி இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. கலியாண வீட்டுப் பெடியள் ஆரோ பகிடி விடுகிறான்கள் என்றுதான் நினைத்தேன். அதற்குத் திரும்பிப் பார்த்தால் மரியாதை என்னாவது?

இத்தனை வருசமாய் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் கதைச்சால்தானே அண்ணை சொல்லுறது" என்றான். இப்படித்தான் அவன், எல்லாவற்றுக்கும் ஒரு சாட்டு வைத்திருப்பான்.

நான் போனை வைத்துவிட்டு அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.  கொஞ்ச நேரத்தில் நான் சொன்னேன், பிள்ளை, ஒட்டினதெல்லாம் அழி, பழைய படம் எப்படியிருக்கிறதோ அப்படியே பெரிதாக்கு என்று. தலைப்பாவோடோ என்று கேட்டாள். தலைப்பாவை எடுத்தால் அவளுடைய கண் எங்கே போகிறது என்று தெரியாமல் போகிறது, அதற்காகத்தான். அவன் சொன்னதை நான் நம்பினேன் என்று நினைக்காதேங்கோ. அவனையும் அவளையும் பக்கத்தில் உள்ள தூணையும் மட்டும் வைத்து, மற்றவர்களை விட்டு, சட்டம் போட்டுத் தந்தாள்.

அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "ஐயா, இது மாலை போடுற படம்தானே. இந்தத் தலைப்பாக்காரர் இருக்கிறாரோ?"

இருக்கிறான் என்றேன். அப்ப மாலை போடேலாதே என்றாள்.

பாருங்கோ, இவ்வளவு தூரம் வந்த பிறகு! உயிரோடு இருக்கிறவனுடைய படத்துக்கு மாலை போடக்கூடாது, விளக்கு வைக்கக்கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை. ஏன், அவன் ஏற்கெனவே மாலையோடுதானே நிற்கிறான் என்றேன். அது கலியாண மாலை ஐயா என்றாள். மகள் கும்பிட வேணும், விளக்கு வைக்க வேணும், தாயின் படத்துக்கு ஒரு முழம் பூவாவது போட வேணும். நடுவில் இவன் உயிரோடு நிற்கிறான். அங்கேயும் மறைப்பு, இங்கேயும் மறைப்பு.

வேறு வழியில்லை, திரும்பவும் போன் எடுத்தேன். விசயத்தைச் சொன்னேன். அவன் பெரிதாய்ச் சிரித்தான். "போடுங்கோ அண்ணை. எனக்கும் சேத்து விழட்டும். இந்த வயதிலை மாலைக்குப் பயந்து என்ன செய்யிறது? அக்காவோடை நிக்கிறதெண்டால் எனக்குச் சந்தோசம்தான்." அவன் இதைச் சொல்லும்போதே பின்னால் தவமணியின் சத்தம் கேட்டது. போனைப் பறித்துவிட்டாள். அழவில்லை. எப்போதும் அழுகிறவள் அழவில்லை. "அத்தான், நான் என்ரை பிள்ளையின்ரை படத்துக்கே இன்னும் போடேல்லை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்கு அந்த மாலையில்லாத படம் கண்ணுக்கு முன்னால் வந்தது. துடைத்துத் துடைத்து வைத்திருக்கிற கண்ணாடி.

நான் சொன்னேன், தவமணி, நீ பயப்படாதே, உன்னுடைய மனிசனுக்கு நான் மாலை போடமாட்டேன். அவன் கேட்டாலும் போடமாட்டேன். அவன் எனக்குப் பதில் சொல்ல வேண்டியவன். என் பெண்சாதியின் அரை முகம் அவனிடம் இருக்கிறது. அதைத் தராமல் அவன் சாகலாம் என்று நினைக்கிறானோ? எனக்குக் கடமைப்பட்டவர்கள் எத்தனை பேர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். சின்னம்மான் போய்விட்டார், வடை வைக்காதவன் குடும்பத்தோடு போய்விட்டான். இனி நான் ஆரோடு கோபிக்கிறது? மிச்சம் இருக்கிறவன் இவன் ஒருவன். இவனையும் விட்டால் நான் ஆளில்லாத மனிதன்.

அவள் அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே, கலியாணத்துக்கு நாங்கள் வரலாமோ அத்தான் என்று கேட்டாள். பாருங்கோ, அந்த அமளியில் நான் அவர்களுக்குச் சொல்லவே மறந்துபோனேன். வாருங்கோ என்றேன். தலைப்பா ஒன்றும் கொண்டுவரக்கூடாது என்று அவனுக்குச் சொல்லு என்றேன். படம் எடுக்கும்போது நானே போய் அவனைக் கையைப் பிடித்துக் கூப்பிடப் போகிறேன். ஒரு மனிதரைப் படத்துக்குக் கூப்பிடுகிற முறை எப்படி என்று அவன் ஒருக்கால் கண்ணால் பார்க்க வேணும். கூப்பிட்டு, பின் வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். மொட்டைத் தலை ஆரையும் மறைக்காது.

மாலை விசயத்துக்கு நிரோசாதான் போனில் வழி சொன்னாள். முழு மாலை வேண்டாம், மல்லிகைச் சரம் ஒன்றை ஆணியிலிருந்து அம்மாவின் பக்கம் மட்டும் தொங்கவிடலாம், விளக்கையும் அந்தப் பக்கம் தள்ளி வைக்கலாம் என்றாள். சிவநேசன் அந்தப் பக்கமாய் இன்னொரு ஆணி அடித்துவிட்டானாம், சரம் நழுவித் தலைப்பாவில் விழாமல் இருக்க. பூசின சுவரில் வெடிப்பில்லாமல் ஆணி இறக்க அவனை விட்டால் ஆள் இல்லை. ஆனால் அவனும் கலியாணம் முடிந்து ஒரு நாள் எனக்கு ஏதாவது செய்வான். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கரவெட்டியில் தண்ணீர் குடிக்காமல் வந்தது மட்டும் கொஞ்சம் பிழைதானோ என்று இப்போது படுகிறது. இளநீர் வெட்டிக் கையில் தந்தவன். போகட்டும். அவர்கள் என் வீட்டுக்கு வரும்போது குடிப்பார்கள்தானே, என்ன செய்கிறார்கள் பார்ப்போம்.

ஆ, விசுவமடு வந்துவிட்டது. கொண்டக்டர், இறக்கம். தம்பி, நான் இறங்கின பிறகு யன்னலால் இதை ஒருக்கால் நீட்டிவிடுவீங்களோ? மெதுவாய். இல்லை, இல்லை, அந்தப் பக்கத்தைப் பிடிக்காதேங்கோ, அது அவளுடைய பக்கம். தலைப்பாப் பக்கத்தைப் பிடியுங்கோ. இறுக்கிப் பிடியுங்கோ, அவன் தாங்குவான். எனக்குத் தர வேண்டியவன்தானே.